“இல்லை” என்று எழுதிக் கொடுக்கும் கம்பெனி: சின்னப் படகுக்குக் காப்புறுதி எடுப்பது எப்படி

பாதி மூழ்கி மிதக்கும் மரக்கட்டை முதலை மாதிரி. முதுகு மட்டும்தான் மேலே தெரியும். வெயில் எதிரே அடித்தால் அதுவும் தெரியாது. சிங்கப்பூரின் உபின் தீவின் கிழக்கு முனையில், சேக் ஜாவாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது என் படகு அப்படி ஒன்றில் ஏறியது. முந்தின இரவு பெருமழை. ஜொகூர் ஆற்றுப் பக்கமிருந்து கட்டையும் கிளையும் குப்பையுமாக வந்திருந்தன. “டொக்” என்று ஒரு சத்தம், எஞ்சின் துள்ளி எழுந்தது, அப்புறம் சுற்றுகிறது, ஆனால் படகு நகரவில்லை. விசிறியின் மூன்று இதழில் இரண்டு மடங்கிப்போயிருந்தன. லோயர் யூனிட், அதாவது விசிறி மாட்டியிருக்கும் எஞ்சினின் கீழ்ப்பகுதி, அதன் உறையில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு.

என் படகு 19 அடி ஃபைபர், பின்னால் 90 குதிரைத்திறன் அவுட்போர்ட் எஞ்சின். நான் லோயாங் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் அவுட்போர்ட் எஞ்சின் மெக்கானிக். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலைதான். கூலி நம்முடையது, உதிரிப்பாகத்துக்கு மட்டும் 2,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. “அதான் காப்புறுதி இருக்கே மச்சான்” என்றார் என் மனைவியின் தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து இரண்டு பத்திக் கடிதம் வந்தது: மன்னிக்கவும், இது பாலிசியில் அடங்காது, பார்க்க 19-ஆம் ஷரத்து.

அன்றைக்குத்தான் பாலிசியை முதன்முதலாகப் படித்தேன். ஊரார் படகை எல்லாம் திறந்து பார்ப்பவன், என் அலமாரியில் இருந்த தாளைத் திறந்து பார்க்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான்.

கோபத்தில் அந்தக் கம்பெனியை நாலு இடத்தில் திட்டினேன். இப்போது யோசித்தால், பணம் கொடுக்க மறுத்தது அவர்கள் தப்பு இல்லை. தாளில் இருந்ததைத்தான் சொன்னார்கள். வாங்கும்போது “எல்லாம் கவர் ஆகும்” என்று முகவர் சொன்னதும், நான் தலையாட்டியதும்தான் தப்பு. அதற்குப் பிறகு வேறு கம்பெனி தேடியபோது நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். என்னிடம் வரும் படகுக்காரர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பதைவிட இப்போதெல்லாம் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

முதலில் அந்த 19-ஆம் ஷரத்து

உல்லாசப் படகு பாலிசிகள் பல, “இன்ஸ்டிட்யூட் யாட் க்ளாசஸ்” (Institute Yacht Clauses) என்ற லண்டன் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்கின்றன, அல்லது அதை ஒட்டி எழுதப்பட்டிருக்கின்றன. 1985 நவம்பர் 1 தேதியிட்ட பதிப்பு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் பாலிசியின் முன்பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த வாசகத்தில் படகின் அதிகபட்ச வடிவமைப்பு வேகம் 17 நாட்டுக்கு மேல் போகாது என்று ஓர் உறுதிமொழி உண்டு. 17 நாட் என்றால் மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர். காப்புறுதி நிறுவனம் சம்மதித்து அந்த உறுதிமொழியை நீக்கினால், அதற்குப் பதிலாக 19-ஆம் ஷரத்து வந்து உட்கார்ந்துவிடும். அதன் பெயர் வேகப்படகு ஷரத்து. மற்ற ஷரத்துகளோடு முரண்பட்டால் இதுதான் செல்லும்.

வேகப்படகு என்றதும் நமக்கு என்ன தோன்றும்? கூர்மூக்கு வைத்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறக்கும் பந்தயப் படகு. மீன்பிடிக்கப் போகும் என் ஃபைபர் படகை யாராவது அப்படிச் சொல்வார்களா? ஆனால் கணக்கைப் பாருங்கள். 19 அடிப் படகில் 90 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தால் இரண்டு பேரோடு சாதாரணமாக 28 நாட் போகும். 60 குதிரைத்திறன் போட்டாலும் 20-ஐத் தாண்டிவிடும். என் பட்டறைக்கு வரும் அவுட்போர்ட் படகுகளில் பெரும்பாலானவை காப்புறுதிக் கண்ணில் வேகப்படகுதான்.

அந்த ஷரத்து என்ன செய்கிறது தெரியுமா? சுக்கான், தண்டு, விசிறி ஆகியவற்றுக்குக் காற்று, அலை, அல்லது எதிலாவது மோதியதால் வரும் சேதத்தைத் தள்ளிவிடுகிறது. இன்னொரு படகிலோ, துறைமேடையிலோ, படகுத்துறையிலோ மோதினால் மட்டும் பணம் உண்டு. மரக்கட்டை இந்த மூன்றில் எதுவும் இல்லை. ஜொகூர் நீரிணையில் படகு ஓட்டுகிறவனுக்கு வரும் முதல் ஆபத்தே மரக்கட்டைதான், அது சரியாக வெளியே நிற்கிறது.

அதே ஷரத்தில் இன்னொன்று: திறந்த கரைக்கு அப்பால் ஆள் இல்லாமல் கட்டியோ நங்கூரம் போட்டோ விட்டிருக்கும்போது படகு அறுத்துக்கொண்டு போனாலும், கரை தட்டினாலும், மூழ்கினாலும் பணம் கிடையாது. “திறந்த கரை” என்றால் எது? சாங்கியில் கயிறு கட்டி மிதவையில் நிற்கும் படகு திறந்த கரையிலா நிற்கிறது, மறைவிடத்திலா? இந்தக் கேள்விக்கு விபத்துக்குப் பிறகு பதில் தேடினால், பதில் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

எஞ்சின் பற்றி இன்னும் இரண்டு விஷயம். அவுட்போர்ட் எஞ்சின் கழன்று கடலில் விழுந்தால் அந்த வாசகத்தில் இழப்பீடு இல்லை. திருடு போனால் உண்டு, ஆனால் வழக்கமான திருகுப் பிடிப்பைத் தவிரத் தனியாக ஒரு திருட்டுத் தடுப்புப் பூட்டு போட்டிருக்க வேண்டும். பூட்டு 60, 70 வெள்ளிதான் இருக்கும். பூட்டோடு எஞ்சினைப் புகைப்படம் எடுத்து, சீரியல் நம்பர் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை மாற்ற வேண்டி வந்தால் பழசுக்குப் புதுசு என்ற கணக்கில் மூன்றில் ஒரு பங்கு வரை கழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லாக் கம்பெனிகளும் கழிப்பதில்லை, அதனால்தான் கேட்க வேண்டும்.

பின்னால் கயிறு கட்டி யாரையாவது இழுத்துக்கொண்டு போனால், வேக்போர்ட் ஆகட்டும், வாழைப்பழ மிதவை ஆகட்டும், இழுபடுகிற ஆளுக்கு வரும் காயம் பொதுவாக மூன்றாம் தரப்புப் பாதுகாப்பில் சேராது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலிசியில் கையெழுத்துப் போடுவது யார்?

கம்பெனி நம்பகமானதா என்று பார்ப்பதற்கு முன், கம்பெனி எது என்று தெரிய வேண்டும். இது கேலி இல்லை. எனக்கு முதல் பாலிசி விற்றவர் ஒரு முகவர். ரசீதில் ஒரு பெயர், கடிதத் தலைப்பில் இன்னொரு பெயர், பாலிசியின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்றாவது பெயர். பணம் தரவேண்டியது அந்த மூன்றாவது பெயர்தான்.

முகவர் காப்புறுதி நிறுவனத்தின் ஆள். புரோக்கர் சட்டப்படி உங்கள் ஆள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பேசுவார்கள், ஆனால் தகராறு வந்தால் யார் எந்தப் பக்கம் நிற்பார் என்பது இதில்தான் இருக்கிறது. சின்னப் படகுக்குப் புரோக்கர் வேண்டுமா என்றால், படகில் பழக்கமுள்ள ஒருவர் கிடைத்தால் வேண்டும் என்பேன். கார் காப்புறுதியும் பயணக் காப்புறுதியும் விற்றுக்கொண்டு, நடுவில் படகுக்கும் ஒரு படிவம் நீட்டுபவர் வேண்டாம்.

அந்தக் கடைசிப் பக்கப் பெயரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையத்தளத்துக்குப் போங்கள். அங்கே நிதி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பெயரைப் போட்டால், உரிமம் பெற்ற பொதுக் காப்புறுதி நிறுவனமா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயரில் வெளிநாட்டுக் கிளையும் உள்ளூர் நிறுவனமும் இருக்கலாம், இரண்டும் ஒன்று அல்ல. ஆணையம் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றும் வைத்திருக்கிறது, அதையும் ஒரு தடவை பாருங்கள்.

உரிமம் இருந்தால் போதுமா? கார் காப்புறுதிக்கு ஏறக்குறையப் போதும் என்று சொல்லலாம். படகுக்குப் போதாது. காரணம் இது: காப்புறுதி நிறுவனம் நொடித்துப்போனால் பாலிசிக்காரர்களைக் காப்பாற்ற சிங்கப்பூரில் ஒரு திட்டம் உண்டு. வைப்புக் காப்புறுதிக் கழகம் அதை நடத்துகிறது. சொந்தக் கார், பயணம், வீடு, பணிப்பெண், தனிநபர் விபத்து போன்ற பாலிசிகள் அதற்குள் வருகின்றன. படகின் உடலுக்கான பாலிசி அந்த வரிசையில் இல்லை. நிறுவனம் கவிழ்ந்தால் உங்கள் க்ளெய்ம் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்கும். ஆகவே நிறுவனத்தின் பணபலத்தை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஏ.எம். பெஸ்ட், எஸ் அண்ட் பி போன்ற தர நிறுவனங்கள் காப்புறுதி நிறுவனங்களுக்கு மதிப்பெண் கொடுக்கின்றன. பொதுவாக நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே போட்டிருப்பார்கள். நான் வைத்திருக்கும் கோடு “ஏ மைனஸ்”. அதற்குக் கீழே என்றால், பிரிமியம் எவ்வளவு குறைந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. மதிப்பெண் தாய் நிறுவனத்துக்கா, நம் பாலிசியில் கையெழுத்திடும் நிறுவனத்துக்கா என்று மட்டும் கவனியுங்கள். அண்ணன் பணக்காரன் என்பதால் தம்பியின் கடன் அடையாது.

ஐந்து பேருக்கு ஒரே மின்னஞ்சல்

இனிமேல்தான் முக்கியமான வேலை. நான் ஐந்து இடங்களுக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன்: மூன்று நிறுவனங்கள், இரண்டு புரோக்கர்கள். விலை கேட்கவில்லை. படகின் நீளம், வயது, எஞ்சின், நிறுத்துமிடம், உரிம எண், ஓட்டுகிறவர்கள் யார் யார் என்று எழுதிவிட்டு, கீழே ஐந்து கேள்வி.

ஒன்று: இந்தப் படகு 28 நாட் போகும், வேக உறுதிமொழி நீக்கப்படுகிறதா, நீக்கினால் வேகப்படகு ஷரத்து வருகிறதா? இரண்டு: மிதக்கும் மரக்கட்டையில் மோதி விசிறியும் லோயர் யூனிட்டும் உடைந்தால் பணம் உண்டா? மூன்று: இணைப்பில் உள்ள வரைபடத்தில் குறித்திருக்கும் மிதவையில் ஆள் இல்லாமல் நிற்கும்போது கயிறு அறுந்தால்? நான்கு: படகு மூழ்கி எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டது, உங்கள் சர்வேயர் (சேதத்தைப் பார்த்து மதிப்பிடுபவர்) வருவதற்கு முன் நான் எஞ்சினைக் கழற்றிக் கழுவலாமா? ஐந்து: என் மைத்துனர் தனியாக ஓட்டிப்போனால்?

நாலாவது கேள்விதான் என்னுடைய சோதனைக் கேள்வி. ஏன் என்று சொல்கிறேன். கடல்தண்ணீர் குடித்த அவுட்போர்ட் எஞ்சின் தண்ணீருக்குள் இருக்கும்வரை மெதுவாகத்தான் கெடும். மேலே தூக்கிக் காற்றுப் பட்ட நிமிடத்திலிருந்து துரு ஓட்டமாக ஓடும். சில மணி நேரத்துக்குள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் முழுக்க அலசி, சிலிண்டருக்குள் நின்ற தண்ணீரை வடித்து, எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிவிட வேண்டும். செய்தால் பெரும்பாலும் பிழைக்கும். மூன்று நாள் சர்வேயருக்காகக் காத்திருந்தால் பேரிங்குகளும் பிஸ்டன் வளையங்களும் இறுகிப்போய், பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். கடல் காப்புறுதிச் சட்டமே பாலிசிக்காரர் நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது. அப்படியிருக்க, “எதையும் தொடாதீர்கள், ஆள் அனுப்புகிறோம்” என்று ஒரு கம்பெனி சொன்னால், அங்கே படகு க்ளெய்ம் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். படம் எடுங்கள், கழுவுங்கள், கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள், ரசீதை வையுங்கள் என்று சொன்னால், அங்கே விஷயம் தெரிந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

பதில்கள் எப்படி வந்தன? இரண்டு இடத்திலிருந்து வண்ண வண்ணமாக விளம்பரத் தாள். கேள்விக்குப் பதில் இல்லை, கடைசியில் “இன்றே சேர்ந்தால் 10 விழுக்காடு தள்ளுபடி”. மூன்றாவது இடத்திலிருந்து போன் வந்தது. இனிமையான குரல். “அதெல்லாம் கவலைப்படாதீங்க சார், எல்லாம் உண்டு.” எழுதி அனுப்புங்கள் என்றேன். அனுப்புகிறேன் என்றார். இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நாலாவது ஒரு புரோக்கர், நல்லவர், இந்த அளவுப் படகுக்கு நாங்கள் எடுப்பதில்லை என்று ஒரே வரியில் சொன்னார். நேரம் மிச்சம்.

ஐந்தாவது ஒரு புரோக்கர். நாலாம் நாள் பதில் வந்தது, என் கேள்வி ஒவ்வொன்றின் கீழும் நீல எழுத்தில். வேகப்படகு ஷரத்து வரும், ஆனால் விசிறிக்கும் லோயர் யூனிட்டுக்கும் தனியாக 1,000 வெள்ளி எக்ஸஸ் (க்ளெய்மில் நாம் ஏற்க வேண்டிய தொகை) வைத்து மரக்கட்டை மோதலைச் சேர்க்கலாம், பிரிமியம் இவ்வளவு கூடும். மிதவை இருக்கும் இடத்தைத் திறந்த கரையாகக் கருத மாட்டோம், ஆனால் கயிறும் சங்கிலியும் வருடம் ஒரு முறை சோதிக்கப்பட்டதற்குச் சான்று வேண்டும். எஞ்சினைக் கழுவலாம், கழுவ வேண்டும். மைத்துனருக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தால், பெயரைச் சேர்த்தால், சரி. வாடகைக்கோ காசு வாங்கிக்கொண்டு ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போவதற்கோ: இல்லை. இரவு ஓட்டம்: இல்லை, உங்கள் உரிமம் பகலுக்குத்தான். எஞ்சின் தானாகக் கழன்று விழுந்தால்: இல்லை.

கடைசி மூன்றையும் நான் கேட்கவே இல்லை. அவர்களாகவே “இல்லை” என்று எழுதியிருந்தார்கள். பணம் வாங்குவதற்கு முன் இல்லை என்று எழுதிக் கொடுப்பவன், பணம் கொடுக்கும் நேரத்தில் புதிதாக ஒரு “இல்லை”யைத் தேட மாட்டான் என்று எனக்குப் பட்டது. முந்தைய பாலிசியைவிட வருடத்துக்கு 140 வெள்ளி அதிகம். கட்டினேன். அந்த மின்னஞ்சலை பாலிசியின் பகுதியாகச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். வெறும் மின்னஞ்சலாக விட்டுவிடாதீர்கள்.

நாம் மறைக்கக்கூடாதவை

கம்பெனியைச் சோதிக்கும் நாமும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கடல் காப்புறுதிக்கு இங்கே இன்றும் ஆதாரமாக இருப்பது 1906-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம். அது கேட்பது உச்சபட்ச நேர்மை: நம்மிடம் கேட்காவிட்டாலும், கம்பெனியின் முடிவை மாற்றக்கூடிய விஷயத்தை நாமாகவே சொல்ல வேண்டும். உறுதிமொழி என்று பாலிசியில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க வேண்டும். மீறியதற்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், மீறிய தேதியிலிருந்து கம்பெனி பொறுப்பிலிருந்து விடுபடலாம். இங்கிலாந்தில் 2015-இல் ஒரு புதுச் சட்டம் போட்டு இந்தக் கடுமையைத் தளர்த்திவிட்டார்கள். சிங்கப்பூரில் அந்தத் தளர்வு வரவில்லை. உங்கள் பாலிசி எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்கள்.

ஆகவே எஞ்சினை மாற்றினால் சொல்லுங்கள். பழைய விபத்தைச் சொல்லுங்கள். முந்தைய கம்பெனி மறுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நான் மரக்கட்டைக் கதையை மின்னஞ்சலின் முதல் பத்தியிலேயே எழுதினேன். படிவத்தை முகவர் நிரப்பித் தந்தால், வேகம், குதிரைத்திறன், கட்டிய வருடம் மூன்றையும் கையெழுத்துக்கு முன் நீங்களே பாருங்கள். என் பழைய படிவத்தில் வேகம் என்ற கட்டத்தில் “தெரியாது” என்று இருந்தது. என் கையெழுத்துக்கு இரண்டு அங்குலம் மேலே.

ஓட்டுநர் உரிமம் இதில் ஒரு கண்ணி. இங்கே சாதாரண உல்லாசப் படகு ஓட்டுநர் உரிமம் காலை 7 முதல் இரவு 7 வரைக்கும்தான். இரவிலும் ஓட்ட மேல்நிலை உரிமம் வேண்டும். இரவு கணவாய் மீன் பிடிக்கப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! சாதாரண உரிமத்தோடு 7.40-க்குத் திரும்பி வரும்போது ஒரு படகில் உரசினால், அபராதம் ஒரு பக்கம், பாலிசி கைவிரிப்பது இன்னொரு பக்கம்.

தொகைகள், எல்லைகள்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படகின் மதிப்பு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பா, விபத்து நாளின் சந்தை மதிப்பா என்று கேளுங்கள். பழைய ஃபைபர் படகுக்கு ஒப்புக்கொண்ட மதிப்புதான் நல்லது. மூன்றாம் தரப்புத் தொகையில் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் படகு 20,000 வெள்ளி என்றாலும், பக்கத்தில் நிற்கும் பெரிய யாட்டின் விலை அதைப்போல ஐம்பது மடங்கு இருக்கும். மூழ்கிய படகை எடுக்கும் செலவு அந்தத் தொகைக்குள் வருகிறதா, தனியா என்று பாருங்கள். கப்பல் போகும் பாதையில் படகு மூழ்கிக் கிடந்தால் அதை அங்கேயே விட்டுவிட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கடல்துறை, துறைமுக ஆணையத்தின் தளத்தில் உங்கள் படகு உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்து, காப்புறுதி பற்றிக் கேட்பது அத்தனையும் பாலிசியில் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். உரிமத்தில் இருக்கும் பெயரும் பாலிசியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். என் மைத்துனருக்குப் படகில் பாதிப் பங்கு, ஆனால் இரண்டு வருடம் எந்தத் தாளிலும் அவர் பெயர் இல்லை.

எல்லை என்பது தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. பாலிசியில் தெரியும். குசு, லாசரஸ், சிஸ்டர்ஸ் தீவுகள் வரை போகிறவருக்கு சிங்கப்பூர்க் கடல் போதும். மலேசிய, இந்தோனேசியக் கடலுக்குள் கால் வைக்க நினைத்தால் எழுத்தில் வாங்குங்கள்.

2024 ஜூன் 14 பாசிர் பாஞ்சாங் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு ஒரு வாடிக்கையாளர் கேட்டார், அடிப்பாகமெல்லாம் கறுப்பாக ஒட்டிக்கொண்டதே, யார் கொடுப்பார்கள் என்று. அவர் எடுத்திருந்தது மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும். அது பிறருக்கு நாம் செய்யும் நஷ்டத்துக்கு. நமக்கு வந்த நஷ்டத்துக்கு அது ஒரு காசும் தராது. இதைக்கூடச் சொல்லித்தான் தெரியவேண்டியிருக்கிறது, அவரைக் குறை சொல்லவில்லை, நானே அப்படி இருந்தவன்.

பட்டறைக்காரனைக் கேளுங்கள்

எந்தக் கம்பெனி நன்றாகப் பணம் தருகிறது என்பது இணையத்தில் நட்சத்திரம் போடுகிறவர்களைவிடப் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்குத் தெரியும். ஏனென்றால் க்ளெய்ம் பணத்துக்காகக் காத்திருப்பது நாங்கள். எந்த சர்வேயர் ஏணி போட்டு ஏறி விசிறித் தண்டைக் கையால் ஆட்டிப் பார்க்கிறார், யார் காரிலிருந்து இறங்காமல் படம் எடுத்துக்கொண்டு போகிறார் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, போன வருஷம் எந்தக் கம்பெனி சீக்கிரம் காசு கொடுத்தது? எது உங்களை மூணு தடவை கோட்டேஷன் எழுத வைத்தது?” “எது நல்ல கம்பெனி” என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் தங்கள் மச்சான் வேலை பார்க்கும் கம்பெனியைச் சொல்வார்கள்.

தகராறு வந்தால் எங்கே போவது என்பதையும் வாங்கும்போதே பாருங்கள். நிறுவனம் நிதித்துறைப் பூசல் தீர்வு மையத்தில் உறுப்பினரா? 2005-இல் தொடங்கிய மையம் அது. முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுத்து, இறுதிப் பதில் வாங்கி, ஆறு மாதத்துக்குள் அங்கே போகலாம். முதலில் சமரசம், முடியாவிட்டால் தீர்ப்பு. தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும், ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களுக்கு அப்படியே இருக்கும். தனிநபர்களும் தனி உரிமையாளர்களும் போகலாம். படகை ஒரு பிரைவேட் லிமிடெட் பெயரில் எழுதி வைத்திருந்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். வரிக்காகவோ கௌரவத்துக்காகவோ கம்பெனி பெயரில் படகு வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம்.

புதுப் பாலிசி எடுத்து ஒன்றரை வருடம் கழித்து ஒரு விடியற்காலையில் சுமத்ரா காற்று வந்தது. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், மேற்கே கறுப்புச் சுவர் மாதிரி எழும்பி, அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் புரட்டிவிட்டுப் போகும். மிதவைக் கயிற்றில் ஒன்று அறுந்து, படகு திரும்பி, பக்கத்துப் படகில் இடித்து, பின்பக்கம் தண்ணீர் ஏறி எஞ்சின் முங்கிவிட்டது. ஏழு மணிக்குப் புரோக்கரின் அவசர எண்ணுக்கு அடித்தேன். எடுத்த அம்மா ஒரு நிமிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தூக்குங்க, கழுவுங்க, அறுந்த கயிற்றை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க.” ஒன்பதரைக்கு எஞ்சின் என் பட்டறைத் தொட்டியில் நல்ல தண்ணீரில் நின்றது. மூன்றாம் நாள் சர்வேயர் வந்தார், கயிற்றைத்தான் முதலில் கேட்டார், போன மார்ச்சில் மாற்றியதற்கு ரசீது காட்டினேன். ஐந்தாவது வாரம் பணம் வந்தது, எக்ஸஸ் 750 கழித்து. பக்கத்துப் படகுக்காரரின் கீறலுக்கும் கொடுத்தார்கள்.

போன மாதம் மைத்துனர் வந்தார். நண்பர்களோடு இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு வரை படகில் போய்வர ஆசையாம். எஞ்சின் தாங்குமா என்றார். எஞ்சின் தாங்கும் என்றேன், அலமாரியைத் திறந்து பாலிசியின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். உட்கார்ந்து புரோக்கருக்கு மின்னஞ்சல் எழுதினோம். மறுநாள் மதியம் பதில்: மூன்று நாளுக்கு நீட்டிக்கலாம், இவ்வளவு கட்டணம், பகலில் மட்டும், ஐந்து பேருக்கு மேல் இல்லை. அவர் ஆறு பேர் சொல்லி வைத்திருந்தார். யாரை விட்டுவிட்டுப் போவது என்று இப்போது அவர்களுக்குள் பேச்சு நடக்கிறது.